நிலைபெற்றோர் முதல் புதியோர் வரை

ராக் இசையைக் காதால் கேட்காமலேயே வளர்த்த பெருமை உலகில் ஒரே ஒரு நகராட்சியைச் சேரும். அது ஹிகுரானோ நகராட்சி. மற்ற ஊர்களில் இசை வளர்வதற்குப் பாட்டு தேவைப்பட்டது. ஹிகுரானோவில் ஏழு பேர் கொண்ட குழுவும் பச்சைத் தேநீரும் போதுமானதாக இருந்தன.

ஊரின் இளைஞர்கள் பள்ளி முடித்ததும் தோக்கியோவுக்கு ரயிலேறிவிடுகிறார்கள் என்று மேயர் கவலைப்பட்டார். அதற்கு மருந்தாக ஒரு கையேடு வெளியிடுவது என்று முடிவாயிற்று. ‘பரிந்துரைக்கப்படும் நம் ஊர் ராக் குழுக்கள்: நிலைபெற்றோர் முதல் புதியோர் வரை’ என்பது அதன் தலைப்பு. துணை மேயர் தோசோனோ குழுவின் தலைவர் ஆனார். உறுப்பினராக வாழ்க்கைச் சூழல் பிரிவிலிருந்து இசோகாயி அழைக்கப்பட்டார். அலுவலகத்திலேயே ராக் இசையை நேரில் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒலித் தொல்லை என்று யாராவது புகார் செய்தால், ஒலிமானியை எடுத்துக்கொண்டு போய் அளப்பது அவருடைய வேலை. பதினாறு ஆண்டுகளாக அளந்து வந்தார்.

குழு அமைவதற்கு முந்தின மாதம், ஒரு ஞாயிறு பிற்பகல், ரயிலடிப் பக்கத்து நிலவறை இசைக்கூடத்தைப் பற்றி ஒரு பல் மருத்துவர் புகார் செய்திருந்தார். இசோகாயி போனார். மேடையில் மூன்று பெண்கள். குழுவின் பெயர் ‘செவ்வாய் ஓடாத பஸ்’. கித்தார் வாசித்துப் பாடியவள் மிகுமோ நத்சுயே. சந்தைத் தெருவில் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துபவள். நகராட்சி சிக்கனம் கருதிச் செவ்வாய்க்கிழமை பேருந்தை நிறுத்தியபோது, அவளுடைய தாய் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் மூன்று நாட்களில் ஒன்று போயிற்று. அன்றிலிருந்து நத்சுயே செவ்வாய்தோறும் கடையை மூடிவிட்டுத் தாயை வண்டியில் கொண்டுபோய் விடுகிறாள். பாட்டு அதைப் பற்றியது. ‘அம்மாவின் ரத்தத்துக்குச் செவ்வாயில் விடுமுறை இல்லை’ என்ற வரி வந்ததும் முரசு இடித்தது. இசோகாயி நாற்பது நிமிடம் நின்றார். அறிக்கையில், ‘அளக்க இயலவில்லை, கருவி நடுங்கியது’ என்று எழுதினார். கருவியைப் பிடித்திருந்த கையைப் பற்றி எழுதவில்லை.

ஆகவே குழுவில் உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது.

‘நிலைபெற்றோர்’ பிரிவு நான்கு நிமிடத்தில் முடிந்தது. ‘கருங்கல்’ என்ற குழு ஒருமனதாகத் தேர்வாயிற்று. உறுப்பினர்களின் சராசரி வயது அறுபத்தெட்டு.

“பத்தொன்பது வருஷமா அவங்க புதுப் பாட்டே போடல,” என்றார் தோசோனோ. “அந்தப் பொறுப்புணர்ச்சியை நாம மதிக்கணும்.”

‘புதியோர்’ பிரிவில்தான் விவாதம் ‘ஆழமாக’ நடந்தது. புதியோர் என்றால் எட்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்று வரைவு விதி சொன்னது.

“எட்டு வருஷம் ஆச்சுன்னா புதுசு இல்லையே, தலைவரே,” என்றார் இசோகாயி.

“ஆகலேன்னா அனுபவம் இல்லையே.”

“அப்ப யாருமே வர முடியாதே.”

“அதனாலதான் அந்த விதிமேல இதுவரைக்கும் ஒரு தகராறும் வரல.”

இசோகாயி தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் மூன்றாம் தடவை வாய் திறந்தார். மூன்று பெண்களைப் பற்றிச் சொன்னார். காது மடல் சிவக்கச் சொன்னார். எல்லோரும் நெகிழ்ந்து, விதியைத் தளர்த்தினார்கள். அதற்கு ஈடாக ஒரு சிறு கோரிக்கை வைத்தார்கள். பெயர் நகரப் போக்குவரத்தைக் குறை சொல்வதுபோல் தொனிக்கிறதாம்.

இசோகாயி ஒரு பெட்டி இனிப்போடு சாப்பாட்டுக் கடைக்குப் போய்த் தலை குனிந்தார்.

“வெறும் ‘பஸ்’னு போட்டுக்கலாமா, மிகுமோ சான்?”

நத்சுயே எண்ணெய்ச் சட்டியிலிருந்து உருளைக்கிழங்கு வடையை எடுத்தபடி யோசித்தாள். “பேரு என்ன பேரு. பாட்டுதானே முக்கியம். போடுங்க.”

முரசு வாசிக்கும் சித்தோசே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “பஸ்னு பேரு வெச்சா செவ்வாய்க்கிழமையும் வருவீங்களான்னு கேப்பாங்களே?” என்றாள். இசோகாயி அதைக் குறித்துக்கொண்டார்; பழக்கம்.

இரண்டாம் கூட்டத்தில் முரசு போயிற்று. குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் ராக் அடங்க வேண்டும் என்றார் தோசோனோ. நம் ஜப்பானிய நாக்கில் ‘ராக்’ என்பதும் பூட்டைக் குறிக்கும் ‘லாக்’ என்பதும் ஒரே சொல்தான், ஆகவே இசை பூட்டியிருப்பதே மொழிக்கும் பொருத்தம் என்று அவர் விளக்கியதைக் குழு கைதட்டி வரவேற்றது. இசோகாயி மறுபடி இனிப்புப் பெட்டி வாங்கினார். கையேட்டில் மட்டும் ‘முரசின்றி’ என்று ஒரு குறிப்பு வரும், அவ்வளவுதான் என்றார். நத்சுயே சித்தோசேயைப் பார்த்தாள். சித்தோசே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “என்னை விடு. அம்மா பாட்டு வெளியில போகட்டும்,” என்றாள்.

மூன்றாம் கூட்டம் பாட்டைப் பற்றியது. கையேட்டோடு பாடல் வரிகளும் அச்சாகும்.

“ரத்தம், செவ்வாய், விடுமுறை,” என்று தோசோனோ விரல் விட்டு எண்ணினார். “மூணும் வேண்டாம். மத்ததெல்லாம் இருக்கட்டும். இல்லேன்னா கையேட்டிலேர்ந்து குழுப் பேரை எடுத்துட வேண்டியதுதான்.”

“அந்த வரிதான் பாட்டே, தலைவரே.”

“இருக்கலாம். நாங்க யாரும் கேட்டதில்ல. மெட்டு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். அதனால திருத்த வேண்டியவரும் நீங்கதான்.”

இந்த முறை இசோகாயி கடைக்குப் போகவில்லை. போனால் அவள் மறுத்துவிடுவாள், மறுத்தால், கையேட்டில் வரும் குழுக்களுக்கு மட்டும் நகராட்சி தரும் எண்ணூறு பேர் அமரும் அரங்கத்தில் அந்தப் பாட்டு ஒருநாளும் ஒலிக்காது என்று தமக்குத்தாமே எடுத்துச் சொன்னார். தாமும் அதை ஏற்றுக்கொண்டார். நான்கு நாள் உட்கார்ந்து, மேசையில் விரலால் தாளம் தட்டி, அசை அசையாக எண்ணி எழுதினார். ‘அன்பரின் நெஞ்சத்துக்கு வசந்தத்தில் ஓய்வே இல்லை.’ கையெழுத்துக்குப் பதிலான தம் சிவப்பு முத்திரையை எடுத்து, நேராகப் பிடித்துக் குத்தினார். குழு அதை அன்றே நிறைவேற்றியது. வணிகர் சங்கத் தலைவி உஜிஹாரா அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கையேடு வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்கு ஓடினார். புதியோர் பிரிவில், பதினோராம் பக்கத்தில், வண்ணப் படத்துடன் ‘பஸ்’ இருந்தது. படத்தில் இரண்டு பேர்.

நத்சுயே கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வரிகளைப் படித்தாள். பிறகு மெல்லிய குரலில் பாடிப் பார்த்தாள். ஓர் அசைகூட இடறவில்லை. உள்ளே காய் நறுக்கும் சத்தம் நின்றது.

“யார் எழுதினது?”

“நான்தான். நாலு நாள் ஆச்சு,” என்றார் இசோகாயி. அவரையும் மீறிக் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. “மத்தவங்க யாரும் உங்க பாட்டைக் கேட்டதே இல்ல. நான் மட்டும்தான் கேட்டிருக்கேன்.”

நத்சுயே கையேட்டை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“தெரியுது, இசோகாயி சான். கேட்காதவங்க யாராலயும் இதை இவ்வளவு அழகாக் கெடுத்திருக்க முடியாது.”