உப்புத்தண்ணி பாய் உடைத்த பூட்டு

ஓசூர் வட்டாரத்திலேயே, வாங்க வந்தவரைத் துரத்துவதற்கென்று கடை திறந்து வைத்திருந்த ஒரே மனிதர் உப்புத்தண்ணி பாய்தான். மத்திகிரியில் வண்ணமீன் கடை. கடல் மீன்கள் மட்டும். அவர் பேர் யாருக்கும் தெரியாது. கோபம் எல்லோருக்கும் தெரியும். முற்றினால் கன்னடத்துக்கு மாறிவிடும்.

"கோமாளி மீன் ஒரு ஜோடி வேணும் பாய்" என்றேன் முதல் நாள்.

"தொட்டி வெச்சு எத்தனை நாளாச்சு?"

"நேத்துதான்."

"நேத்தா? தண்ணி பழுத்து மீனுக்குத் தோதா வரவே ஒன்றரை மாசம் ஆகும். எந்த ஊரு நீ?"

"தூத்துக்குடி."

"கடலோரம் பொறந்துட்டுக் கேக்கறான் பாரு! ஹோக்ரீ, ஹோக்ரீ! போய்யா!"

ஒன்றரை மாதம் மீனே இல்லாத உப்புத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் நேரில் வந்து தண்ணீரைச் சோதித்தார். வெயில் விழுகிறதென்று என் ஜன்னலைத் திட்டினார். பிறகுதான் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களைத் தந்தார்.

பெரியது சின்னதைத் துரத்துகிறதே என்று மறுவாரம் போன் செய்தேன்.

"பெருசுதான் பொம்பளை. அது செத்தா சின்னது பொம்பளையா மாறிக் குடும்பம் நடத்தும். உன்னைவிடப் பொறுப்பு ஜாஸ்தி. வை போனை!"

ஒருநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் வீட்டு ஓனரம்மா கூப்பிட்டார். "தம்பி, அந்த மீன்கார பாய் உங்க பூட்டை ஒடைச்சு உள்ள பூந்துட்டாரு!"

எனக்கு ரத்தம் கொதித்தது. அதுவரை வாங்கிய திட்டெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஆட்டோவில் பறந்தேன்.

"யாரைக் கேட்டு ஒடைச்சீங்க?" வாசலிலிருந்தே கத்தினேன்.

பாய் திரும்பவேயில்லை. ஸ்டூல் மேல் நின்று, என் சமையலறைச் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க ஈரம்.

"காலையிலேர்ந்து ஏரியா பூரா கரண்ட் இல்ல. பம்ப் நின்னா அதுங்க எப்படி மூச்சு விடும்? பத்து தடவை போன் அடிச்சேன், எடுத்தியா நீ? என் கடைத் தொட்டிக்கு பேட்டரி இருக்கு. இங்க என்ன இருக்கு?"

"எவ்ளோ நேரமா ஊத்தறீங்க?"

"ரெண்டு மணி நேரமா. முட்டாப்பய வீட்டுல கொண்டாந்து விட்டுட்டனே!"

மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. உயிர் இருந்தது. பாய் சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நான் சொம்பை வாங்கி, கோபம் தீராமல் மடமடவென்று ஊற்றினேன்.

"மெதுவாப்பா" என்றார். "பயந்துக்கும்."

அந்த மனிதர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.