அறுபது ஜோடிச் செருப்பு

"அறுபது ஜோடியா? ஊர்ச் செருப்பெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள் அல்போன்சம்மாள்.

"என் வேலை நிலைக்கணும்னா வேணும்," என்றார் கணவர் லாசரஸ்.

லாசரஸ், சிராங்கூன் ரோட்டிலிருந்த துரைசாமி எம்போரியத்தின் மேனேஜர். ஐந்து மாடி, நூற்றிருபது கடைகள். 1966-இல் அது பெரிய சங்கதி. திறந்து எட்டு மாதமாகியும் மூன்று அறைகளில்தான் ஆள் இருந்தது. அதிலொன்று லாசரஸின் ஆபீஸ்.

முதலாளி துரைசாமி தரைக்கு இத்தாலியச் சலவைக்கல் போட்டிருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பது அவர் உத்தரவு. அந்தத் தரையில் முகம் பார்க்கலாம். பார்க்கத்தான் ஒரு முகமும் வரவில்லை.

சனிக்கிழமை காலை துணி வியாபாரி காதர் மைதீன் இடம் பார்க்க வருகிறார். அவர் கீழ்த்தளத்தை எடுக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் லாசரஸ் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆட்களைக் கூட்டி வந்து நிறுத்தலாம். ஆனால் சாப்பாடு போட வேண்டும், வாயையும் அடைக்க வேண்டும். செருப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாதா கோயில் பாட்டுக் குழுவிலும் அக்கம்பக்கத்திலும் இரவல் வாங்கி அல்போன்சம்மாள் சாக்கை நிரப்பிக் கொடுத்தாள்.

"மத்தியானத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடணும். அந்தோனியம்மாள் அக்கா வெறுங்காலோட உக்காந்திருக்காங்க."

லாசரஸ் சாக்கைப் பிரித்து, வாசலில் செருப்புகளை அழகாக வரிசைப்படுத்தினார். கூட்டிப் பெருக்கும் முத்தாயியைக் கூப்பிட்டார்.

"காரணம் கேக்காதே. இதைப் பாத்துக்க."

காதர் மைதீன் வந்தார். செருப்பு வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல கூட்டம் போலிருக்கே!" என்று தன் புதுத் தோல் செருப்பையும் வரிசையில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உள்ளே ஈ காக்கை இல்லை.

"ஆளுங்க எங்கே?"

"ரெண்டாவது மாடியில, பாய்."

"லிப்ட்டுல போலாமா?"

"கூட்டம் தாங்காம நின்னு போச்சு."

இரண்டாவது மாடியில் யாருமில்லை. "மூணாவதுக்குப் போயிருப்பாங்க," என்றார் லாசரஸ். மூன்றில் நான்கைச் சொன்னார், நான்கில் ஐந்தை. ஐந்தாவது மாடியில் இரண்டு புறாக்கள் இருந்தன.

காதர் மைதீனுக்கு மூச்சு வாங்கியது. "என்ன லாசரஸ் இது?"

"இப்பத்தான் பின்பக்கப் படியில இறங்கிட்டாங்க, பாய்."

"செருப்பை விட்டுட்டா?"

"சுத்தி வந்து எடுத்துக்குவாங்க லா."

சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது லாசரஸுக்கு. கீழே அறுபது ஜோடியும் அப்படியே கிடக்குமே! படிக்கு ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

"அட, நிஜமாவே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே! உம்மைச் சந்தேகப்பட்டுட்டேன்," என்று காதர் மைதீன் கை நீட்டினார். "கீழ்த்தளம் எனக்குத்தான்."

அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்ட லாசரஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் அவர் பட்ட முதல் சந்தோஷம் அது.

"ஆமா, என் செருப்பு எங்கே?" என்றார் காதர் மைதீன்.

மடி நிறையக் காசோடு முத்தாயி ஓடி வந்தாள்.

"எல்லாம் வித்துப் போச்சுங்கய்யா! ஜோடி ஒரு வெள்ளின்னேன், அந்தப் புதுத் தோல் செருப்புக்கு அடிதடியே ஆயிடுச்சு. நாளைக்கும் சரக்கு வருமான்னு கேட்டுட்டுப் போறாங்க!"