பீரோ ஓரத்து சீட்டு

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போட்டிருந்த நாற்காலியிலிருந்து தபால்காரரால் அசையக்கூட முடியவில்லை.

"பிளேன்ல சீட்டு இவ்வளவுதான் சார் இருக்கும். முட்டியை மடக்குங்க," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த கண்டக்டர்.

"மடக்கினா வயித்துல இடிக்குதுய்யா!"

"அப்ப வயித்தை மடக்குங்க."

இருவரும் ஓய்வு பெற்றவர்கள். எதிரெதிர் வீடு. இரண்டு வீட்டிலும் ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டு. தபால்காரரின் மகள் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாள். விமானம் நடுவில் எங்கேயும் நிற்காமல் பதினாறு மணி நேரம் பறக்குமாம். "பிரசவத்துக்கு அம்மாதான் இல்லை, நீங்களாவது வாங்கப்பா" என்று அழுதிருந்தாள்.

காலமெல்லாம் தெருத் தெருவாக நடந்தவருக்கு, அரை மணி உட்கார்ந்தாலே இருப்புக் கொள்ளாது. நடுவானில் கத்தி மானம் போவானேன் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். முதலில் தனியாகத்தான் உட்கார்ந்தார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் மூன்றாவது மணி நேரத்தில் அழுகை வந்துவிட்டது. அந்தச் சுவரை அவர் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் கண்டக்டரைத் துணைக்குக் கூப்பிட்டார். கண்டக்டர் பொழுது விடியும் முன்பே குளித்து, தலை வாரி, பழைய விசிலோடு ஆஜராகிவிட்டார்.

"ஜன்னலெல்லாம் சாத்தியாச்சு. போனை அணைச்சுக் குடுங்க, நாளைக்குக் காலையில தர்றேன். கடிகாரம் என் மடியில இருக்கட்டும். டைம் சொல்றது கண்டக்டர் வேலை."

பெல்ட்டுக்குப் பதிலாகக் கொடிக்கயிற்றால் இடுப்பைக் கட்டினார். சாயங்காலம் தபால்காரருக்கு அவசரமாகப் பாத்ரூம் வந்தது. முடிச்சு அவிழவில்லை.

"கத்தரிக்கோல் எங்க சார்?"

"பீரோவுக்குள்ள."

"பீரோவைத் திறக்கணும்னா நீங்க எந்திரிக்கணுமே!"

"எந்திரிக்கத்தான்யா கத்தரிக்கோலே வேணும்!"

கடைசியில் நாற்காலியை முதுகில் சுமந்தபடியே கிளம்பி, பாத்ரூம் வாசலில் மாட்டிக்கொண்டார். கண்டக்டர் விசிலடித்து "ரிவர்ஸ் போங்க, ரிவர்ஸ்!" என்றார். தபால்காரர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஒருவழியாகப் போய்வந்து மறுபடி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் கண்ணயர்ந்து விழித்தபோது, "பதினாலு முடிஞ்சுது சார், இன்னும் ரெண்டே மணி நேரம்!" என்று கண்டக்டர் சொன்னதும் தபால்காரருக்குத் தாங்கவில்லை.

"முடியாதுய்யா, அவிழ்த்து விடு!"

"அதனால என்ன சார்? அடுத்த வாரம் பார்த்துக்கலாம்," என்றார் கண்டக்டர், உற்சாகமாக.

அடுத்த வாரம் கயிறு இல்லாமல் பார்த்தார்கள். அதற்கடுத்த வாரம் கழுத்துக்குத் தலையணை வைத்துப் பார்த்தார்கள். மூன்று முறையும் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் பதினாலுதான் ஆகியிருந்தது. மூன்று முறையும் அத்தோடு சரி.

மறுநாள் காலை கண்டக்டர் போனைக் கொண்டுவந்து கொடுத்ததுமே மகள் கூப்பிட்டாள்.

"டிக்கெட் போடட்டுமாப்பா? இன்னைக்குத்தான் கடைசி."

"மூணு தடவை பார்த்துட்டேம்மா. அந்தக் கடைசி ரெண்டு மணி நேரம் என்னால ஆகலை. என்னை மன்னிச்சிரும்மா."

"சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கங்க," என்றாள் மகள். தபால்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கண்டக்டர் வெடுக்கென்று போனைப் பிடுங்கினார்.

"டிக்கெட்டைப் போடும்மா! உங்கப்பா மூணு தடவையும் பதினாறு மணி நேரம் முழுசா உக்காந்துட்டாரு. இவரு போயிட்டா என் பக்கத்துல உக்கார ஆளில்லையேன்னு, அசந்த நேரம் பார்த்துக் கடிகாரத்தைப் பின்னால திருப்பி வச்சது நான்தான்."