எப்சியின் கோட்டைத் துவைத்த விவரம்

கிழக்குத் தாம்பரம்,
ஜூன் 3

கர்த்தருக்குள் பிரியமான அமலராணி அக்காவுக்கு, தம்பி ஜீவரத்தினம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாசரேத்தில் நீயும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நானும் மகள் எப்சியும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். காகிதம் என்றால் முழுக்கப் படித்த பிறகுதானே திட்ட முடியும்.

எப்சி என்னோடு பேசி நாற்பத்தெட்டு நாளாகிறது. பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள், யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கூடப் படிக்கிற சுஜி வீட்டில் இரவு தங்கப் போய்விட்டாள். மடித்து வைக்கலாம் என்று எடுத்தால் முன்னும் பின்னும் ஒரே பேனாக் கிறுக்கல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். "எருமை, உன் மூஞ்சியை மறக்கவே மாட்டேன்" என்று சுஜி எழுதியிருக்கிறாள். "சாகிற வரைக்கும் உன்னை விடமாட்டேன்டி பிசாசே" என்று ஜென்சி. குமரேசன் என்று ஒரு பையன், "எந்த ஸ்கூலுக்குப் போனாலும் தேடி வந்து உதைப்பேன்" என்று முதுகுப் பக்கம் பெரிதாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். அக்கா, அவள் அம்மா போய் நாலு வருஷமாகிறது, கேட்க ஆளில்லை என்றுதானே தாயில்லாப் பிள்ளையை இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. நீ நம்பமாட்டாய், அழுதேன். அழுது முடித்து, எழுதிய இருபத்திரண்டு பேரின் பெயரையும், யார் யார் என்ன எழுதினார்கள் என்பதையும் வரிசை எண் போட்டு இரண்டு பக்கம் புகாராக எழுதினேன். மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை கையில் கொடுத்து, ரசீதும் வாங்கி வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் கிரீஸுக்கும் கட்டிங் ஆயிலுக்கும் நடுவே ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு ஜெல் பேனா ஒரு பொருட்டா? ஸ்பிரிட்டை வைத்துத் தேய்த்து, சோடா போட்டு ஊறவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பிரஷ் வைத்துத் தேய்த்து, மத்தியானத்துக்குள் கோட்டைப் புதுசாக்கிவிட்டேன். பிள்ளை பார்த்தால் மனசு ஆறும் என்று வாசலுக்கு நேரே காயப்போட்டேன். அவள் வந்து முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், உள்ளே திருப்பியும் பார்த்தாள். ஈரத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ஃபிரெடி, பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கிறானே, அவன்தான் எனக்கு விளக்கினான். கடைசி நாளில் இப்படிச் சட்டையில் எழுதிக் கொடுப்பதுதான் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடையாம். யார் அதிகம் திட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் பாசம் அதிகமாம். தன்னுடைய சட்டையைப் பட்டுப்புடவை மாதிரி கவரில் போட்டு வைத்திருக்கிறான், கொண்டுவந்து காட்டினான். அதிலும் குறைந்தது ஏழு கழுதை இருந்தது. நாம் படித்த காலத்தில் கடைசி நாளன்று ஒரு ஜெபம், ஒரு குரூப் போட்டோ, அதோடு சரி. எனக்கு எப்படித் தெரியும்?

ஓடிப்போய்ப் புகாரைத் திருப்பிக் கேட்டேன். தலைமையாசிரியை ஃபைலைத் தொட்டுக் காட்டினார். "வருஷா வருஷம் நடக்கிறதுதான் சார். ஆனா நீங்க எழுத்துல கொடுத்துட்டீங்க. எழுத்துல வந்தா விசாரிக்காம முடிக்க முடியாது." லீவு முடியட்டும் என்றார். லீவில் ரிசல்ட்டும் வந்தது. எப்சி நானூற்று இருபத்தொன்று. மார்க்கைக் கூட எனக்கு ஃபிரெடிதான் சொன்னான். பதினொன்றாம் வகுப்பு இங்கே இல்லை, வேறு பள்ளிதான் போகவேண்டும், அதற்கு டி.சி. வேண்டும். விசாரணை முடியாமல் நன்னடத்தை என்று எப்படி எழுதுவது என்று அந்த இருபத்திரண்டு பேர் டி.சி.யையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேற்று ஆபீஸ் வாசலில் குமரேசனின் அம்மா கங்கையம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், புள்ளைங்க வெளாட்டுக்கு எழுதிக்கினதுக்கா கம்ப்ளைண்டு? ரெண்டு நாள் கூலிய வுட்டுட்டு வந்துகினு கீறேன். இன்னிக்கும் இல்லைன்றாங்க." பின்னால் அந்தப் பையன் நின்றிருந்தான். எப்சியை விட ஒரு சாண் குள்ளம். உதைப்பேன் என்று எழுதியவனா இவன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்படியிருந்தும், அங்கிள் எப்சி எவ்வளவு மார்க் என்று கேட்டான்.

ஆகவே அக்கா, தலைமையாசிரியை வேறு யாருமில்லை, உன்னோடு டீச்சர் டிரெய்னிங்கில் ஒரே ரூமில் இருந்த தபீதாள்தான். நீ ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டார். தட்கலிலாவது டிக்கெட் போட்டு உடனே வா. வந்து தபீதாளிடமும் பேசு, எப்சியிடமும் பேசு. எனக்கு இரண்டு பேரிடமும் வாய் எழவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தருவாராக, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி
ஜீவரத்தினம்

பின்குறிப்பு (ஜூன் 9): தபால் தலை வாங்கச் சோம்பல்பட்டு இதைப் போடாமலே வைத்திருந்தேன். அதற்குள் நானே தபீதாளிடம் போய் நின்றேன். புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதி, அந்த இருபத்திரண்டு பேரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். இரண்டு நாள் வீடு வீடாக அலைந்தேன். ஒரு பிள்ளை கூட முகம் சுளிக்கவில்லை. கிடைத்த இருபத்தொரு கையெழுத்தே போதும் என்று இன்று எல்லார் டி.சி.யும் கொடுத்துவிட்டார், குமரேசனுடையது மட்டும் தபீதாளின் மேஜையில் இருக்கிறது. டி.சி. வராதபோது சும்மா ஏன் உட்காரவேண்டும் என்று அவன் அம்மாவோடு சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு, ஓசூர்ப் பக்கம் மாமா டீக்கடையில் வேலைக்குப் போய்விட்டானாம். எந்தக் கடை என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கே ஒரு போன்தான், அதுவும் ஸ்விட்ச் ஆஃப். கையெழுத்து வாங்கிய வாபஸ் கடிதத்தின் ஜெராக்ஸை வீட்டு மேஜை மேல் வைத்திருந்தேன். எப்சி எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, குமரேசன் கையெழுத்து எங்க?" என்று கேட்டாள். ஐம்பத்துநாலு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நீ வரவேண்டாம் அக்கா. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் எழுது.