பட்டாணி காயுது மாப்ள

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கும் மரியாதையில் ஓர் ஆபத்து உண்டு. அவன் என்ன உளறினாலும் அப்படியே செய்துவிடுவார்கள்.

2007இல் எனக்குக் கல்யாணமான புதிது. சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்தேன். விவசாயத்தில் என் அனுபவம், கடை வாசலில் ஒரு துளசிச் செடி (அதற்கும் தண்ணீர் ஊற்றியது அம்மாதான்). இந்தத் தகுதியோடு ஏதோ பத்திரிகையில் ஒரு பக்கம் படித்துவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் பாடம் எடுத்தேன்.

"இன்னும் எத்தினி நாளைக்கு மல்லாட்டையே போடுவீங்க மாமா? பட்டாணி போடுங்க. காஞ்ச பட்டாணிக்குத்தான் இப்ப மவுசு."

"நம்ம வெயிலுக்கு வருமா மாப்ள?"

"பனியில வந்துடும் மாமா."

மறுபேச்சே இல்லை. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் அந்த வருடக் கடலை நிலம் முழுக்கப் பட்டாணி விதைத்துவிட்டார். முளைத்தது, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. நான் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்தவர்களிடமெல்லாம் விவசாயம் பேச ஆரம்பித்தேன்.

மார்கழியில் போன் வந்தது.

"மாப்ள, பட்டாணி காயுது. கெணத்துலேந்து ஒரு தண்ணி உடட்டா?"

"ஐயையோ, உட்டுடாதீங்க! காஞ்ச பட்டாணின்னா காயத்தானே மாமா வேணும்?"

நாலு நாள் கழித்து, "ரொம்பக் காயுது மாப்ள."

"ரொம்ப நல்லது மாமா!"

காணும் பொங்கலன்று அறுவடை என்று பெண்ணாடத்துச் சின்ன மாமியார் வரை சொல்லி அனுப்பினேன். அவர் இரண்டு கட்டைப்பைகளோடு வந்திருந்தார். நான் கோணிகளோடு நிலத்தில் இறங்கினேன்.

செடியெல்லாம் கருகிய நூல் மாதிரி கிடந்தது. தேடிப்பிடித்து ஒரு காயை உரித்தேன். உள்ளே கடுகைவிடச் சின்னதாக என்னவோ இருந்தது. பட்டாணி முதலில் காய்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் காய வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாமனார் முகத்தில் துளிக் கிண்டல் இல்லை. "நீங்க சொன்ன மாதிரியே நல்லா காஞ்சிடுச்சு மாப்ள" என்றார். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சின்ன மாமியார் சத்தமில்லாமல் பைகளை மடித்துக்கொண்டார்.

மத்தியானம் பட்டாணிக் குருமா. கடையில் வாங்கிய பட்டாணிதான். என் இலையில் மட்டும் ஒரு கரண்டி ஜாஸ்தியாக விழுந்தது.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து மாமனாருக்கு போன் செய்தேன். "பொண்ணு பொறந்திருக்கு மாமா!"

"ரொம்ப சந்தோஷம் மாப்ள. எதுக்கும் நேர்ல வந்து ஒருவாட்டி பாத்துக்கறன்."

இன்றைக்கும் அந்த வீட்டில் நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும் இதேதான் பதில். இப்போதெல்லாம் என் மகளும் சேர்ந்துகொள்கிறாள்.