அப்பீல் அண்ணனின் கமிஷன் நியாயம்

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் எலப்புள்ளியில் அப்பீல் அண்ணனைக் கண்டு நடுங்காத அரசாங்க மேசை ஒன்றுகூடக் கிடையாது. அப்படியொரு மேசையில் கிளார்க்காக உட்கார்ந்து நடுங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கல்யாண வீட்டில் பாயசம் தீர்ந்துபோனால் நாமெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவோம். அண்ணன் பரிமாறியவரிடம் காரணம் கேட்பார். அவர் விழித்தால் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், "கோவிச்சுக்காதீங்க, இது மொத அப்பீலுங்க" என்பார்.

அவருடைய கிணறு வற்றியபோதுதான் விளையாட்டு வினையானது. பக்கத்துக் கம்பெனி பாதாளம்வரை போர் போட்டதில் அண்ணனின் தென்னைகள் மட்டை தொங்கிப் போயின. போருக்கு அனுமதி கொடுத்த பைலைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஆபீசுக்கு மனுப் போட்டார். எங்கள் அதிகாரி மலையாளத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பைல் காணானில்ல." காணவில்லையாம்.

பைல் அவருடைய பீரோவில்தான் இருந்தது. போர் போட்டால் சுற்றுக் கிணறுகள் வற்றும் என்று நிலத்தடி நீர் அதிகாரி அதில் எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். மனசு கேட்காமல் டீக்கடையில் அண்ணனின் காதில் போட்டேன்.

"எம்பேரு வெளிய வந்தா வேலை போயிருமுங்கண்ணா."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றவர், என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

தகவல் கமிஷன்வரை அப்பீல் போனது. கமிஷன் அதட்டியதும் காணாமல்போன பைல் சீல் வைத்த உறையில் போய்ச் சேர்ந்தது. கமிஷன் படித்தது, கம்பெனியின் தொழில் ரகசியம் என்று அண்ணனுக்குக் காட்ட மறுத்தது, ஒரு நகலை வைத்துக்கொண்டு பைலைத் திருப்பி அனுப்பியது. இந்த முறை அது நிஜமாகவே காணாமல் போனது. எங்கள் ஆபீசுக்கு அந்தத் திறமை உண்டு.

அண்ணன் பாலக்காடு கோர்ட்டில் கம்பெனிமேல் வழக்குப் போட்டு, கமிஷனிடமிருக்கும் நகலை வரவழைக்கச் சொன்னார். கமிஷன் வக்கீல் எழுந்தார். நம்பிக் காட்டிய பைலைக் கோர்ட் பிடுங்கினால் நாளைக்கு எந்த ஆபீசும் கமிஷனுக்கு எதையும் காட்டாது, அதற்குத்தான் சட்டத்தில் பாதுகாப்பு என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார். ஊருக்கெல்லாம் தகவல் வாங்கித் தருகிற கமிஷனிடமிருந்து மட்டும் தகவல் வாங்க வழியில்லை.

"ஞாயமாத்தான் சொல்றாங்க. அதுதானுங்க வயிறு எரியுது" என்றார் அண்ணன் என்னிடம்.

பிறகு அவரையே கூண்டில் ஏற்றினார்கள். பைலில் இருந்தது உமக்கு எப்படித் தெரியும், சொன்ன ஆளைக் காட்டும் என்றார் கம்பெனி வக்கீல். ஆளைக் காட்டினால் வழக்குப் பிழைக்கும். கடைசி பெஞ்சில் நான் பாதி எழுந்துவிட்டேன்.

"இங்க எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருமில்லீங்க" என்றார் அண்ணன், சுற்றுகிற ஃபேனைப் பார்த்து. "கமிஷனுக்கு ஒரு ஞாயம், எனக்கொரு ஞாயமுங்களா? நம்பிச் சொன்னவங்க பேர நானுஞ் சொல்ல மாட்டனுங்க."

ஆதாரமில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அண்ணனின் தென்னைகள் மொட்டையாக நிற்கின்றன. கம்பெனி வாசலில் புல்தரைக்கு இருவேளையும் தண்ணீர் பாய்கிறது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து அண்ணன் தெருவில் என்னைப் பார்த்தால் முகம் தெரியாதவர்போலக் கடந்து போகிறார். ரிட்டயர் ஆனதும் டீக்கடையில் போய் நின்றேன்.

"அண்ணா, வேலை முடிஞ்சு போச்சுங்க. இனிப் பேசலாமுங்க."

"ஏனுங்க, நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டு, என் டீயை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அண்ணா, சொன்ன ஆள் நான்தான் என்று இப்போது நானே ஊரறிய எழுதிவிட்டேன். இனிமேலாவது நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். டீ வாங்கி வைத்திருக்கிறேன்.