அடுத்தவர் வலிக்குப் பதில் சொல்பவர்

செஞ்சிக் கோட்டையைப் பிடிப்பதற்கு யார் யாரோ யானையும் பீரங்கியுமாக வந்து, வருஷக்கணக்கில் வெளியே கூடாரம் அடித்துக் கிடந்தார்களாம். பாவம். எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் திண்டிவனம் பஸ்ஸில், டாக்டரம்மாவின் தம்பி மடியில் பாதியும் பக்கத்து சீட்டில் பாதியுமாக உட்கார்ந்து வந்து, ஒரே மத்தியானத்தில் ஊரைப் பிடித்துவிட்டது. மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, கொஞ்ச காலம் படுத்துத் தூங்கியது, பிறகு எழுந்து 1988-ல் அந்த மெஷினுக்கு முன்னால் என்னை உட்கார வைத்தது. இதற்குமேல் முன்னேற என்ன இருக்கிறது?

ஆனால் நான் வர்ணிக்கப் போவது மெஷினை இல்லை. அதன் வெளிச்சத்தில் வசமாக மாட்டிக்கொண்ட ஒரு ஜீவராசியை. அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லும் ஜீவராசி.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்டக்டர் ஜன்னலோரத்துக்காரரிடம் "எங்க போவணும்?" என்றால், இவர் பின்சீட்டிலிருந்து "அவரு அவலூர்பேட்டை" என்பார், பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டால், அடுப்படிப் பக்கமே போகாத அந்தப் பெண்ணுக்காக "மீன் கொழம்பு வச்சான்னா தெருவே கூடிடும்" என்று இவர் வாக்குக் கொடுப்பார், ரேஷன் கடையில் முன்னால் நிற்பவருக்கு எத்தனை கிலோ சர்க்கரை வேண்டும், எதிர்வீட்டுக்காரர் ஏன் மச்சானோடு பேசுவதில்லை, தொண்டூரில் நாளைக்கு மழை உண்டா, எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார். கேள்வியை மட்டும் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் இவர் முழுசாகப் பூப்பார். ஒருநாள் கோதண்டராமன் என்பவர் தன் சம்சாரம் வள்ளியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா பண்ணுது?" என்றார் டாக்டரம்மா.

"முதுகு வலி டாக்டரம்மா," என்றார் கோதண்டராமன்.

"எப்பத்திலிருந்து?"

"குனிஞ்சி நெல்லு அள்ளுச்சி. அப்பத்திலிருந்து."

"அவங்க வாயத் தொறந்து சொல்லட்டுமே."

"எங்கத்த தொறக்கிறது? கடவாப்பல்லு வீங்கிப் போய்க் கெடக்குது, ரெண்டு நாளா சோறே எறங்கல."

இந்த மாதிரி ஆட்களைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். சிரிக்க எனக்கு யோக்கியதை உண்டா? கேளுங்கள்.

என் பெயர் பாவாடை. எட்டாம் வகுப்பும் நானும் ஒருவரையொருவர் விட முடியாமல் இருந்து, கடைசியில் அதுவே என்னைக் கைவிட்டது. அப்புறம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். என் விரல்களுக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்குத் தெரியாது. இந்தத் தகுதியோடுதான் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மெஷினின் வேலை ரொம்பச் சுலபம். டாக்டரம்மா ஜாஹிதா பேகம் நோயாளியைப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதி என் ரூமுக்கு அனுப்புவார். நான் மருந்தின் பெயரைத் தட்டுவேன். மெஷின் ஆளைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கும். சர்க்கரை உண்டா, முன்னே எந்த ஊசிக்காவது உடம்பு தடித்ததா, கர்ப்பமா. நான் ஆளிடம் கேட்டு 'எஸ்' அல்லது 'நோ' தட்ட வேண்டும். அந்த மருந்து அந்த உடம்புக்கு ஆகாது என்றால் மெஷின் கத்தும், டாக்டரம்மா வந்து மருந்தை மாற்றுவார். குழந்தைகூட நடத்திவிடும்.

குழந்தை நடத்தியிருக்கும். நானோ பதினாறு வயசு ஆம்பளை. "நீங்க முழுகாம இருக்கீங்களா?" என்று ஒரு பொம்பளையிடம் எப்படிக் கேட்பது? நினைக்கும்போதே காது சுட்டது. அதனால் கேட்கவில்லை. புடவை கட்டி வந்த அத்தனை பேருக்கும் 'நோ' போட்டேன், அதே பழக்கத்தில் மற்றக் கேள்விகளுக்கும் எல்லாருக்கும் 'நோ'தான். வெறுமனே நிற்பவர்களுக்குச் சந்தேகம் வருமே என்று, "செருப்பக் கழட்டிட்டு மூச்ச அடக்கி நில்லுங்க, மெஷின் பாக்குது" என்பேன். அவர்கள் மூச்சை அடக்குவார்கள், நான் டீயை உறிஞ்சுவேன். கடைத்தெருவில் என்னைக் கம்ப்யூட்டர் டாக்டர் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அதுவரை இந்தக் கேள்விகளைத் தன் வாயால் கேட்டுவந்த டாக்டரம்மாவும், அதான் மெஷின் கேட்கிறதே என்று விட்டுவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் டாக்டரம்மாவின் தம்பி ஜகபர் அலி மெட்ராஸிலிருந்து வந்தார். மெஷினுக்கு இந்தக் கேள்விகளையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"ஒரு தடவகூட கத்தலியா?"

"ரொம்ப அமைதியான சுபாவம் சார் இதுக்கு," என்றேன்.

எதையோ தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இது சொல்றதப் பாத்தா, இங்க வந்த பொம்பளைங்கள்ல ஒருத்தர்கூட கர்ப்பம் இல்ல. அப்ப பக்கத்து ரூம்ல அழுவுறது யாரு?"

"பூன சார்."

"பூனைக்குத் தொட்டில் கட்டுனது யாரு?"

அவர் திட்டவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்தார். இதைச் சொன்னது யார்? நோயாளியா, கூட வந்தவரா, தட்டுகிறவரா? கூட வந்தவர் அல்லது தட்டுகிறவர் என்றால் மெஷின் நகராது. டாக்டரம்மாவும், "வெக்கமா இருந்தா நர்ஸம்மாவக் கூப்பிடு, கேட்டுச் சொல்லுவாங்க" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் 'நோ' போட்டு, சொன்னது நோயாளி என்றும் போட்டேன். ஒரு பொய்க்கு இரண்டு பொய். விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

அந்த வாரம் காய்ச்சலோடும் நீர்க்கடுப்போடும் வந்து நின்றவள் ரஞ்சிதம். என் அக்கா. பனமலையில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதுசில் "விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்கள் இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார்கள். அப்படியும் யாராவது கேட்டால் அவள் மாமியார் முந்திக்கொண்டு, "அவளுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல" என்பார். அக்கா தரையைப் பார்ப்பாள்.

சீட்டில் இருந்த கேப்சூலைத் தட்டினேன். மெஷின் கேட்டது, கர்ப்பமா? விரல் 'நோ'வுக்கு மேலே போய் நின்றது. நானும் அந்த மாமியார் சொன்னதையேதான் சொல்லப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. விரல் இறங்கவில்லை.

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, மெஷின் ஒண்ணு கேக்குது. நான் கேக்கல, மெஷின்தான்."

"இன்னா கேக்குது?"

"முழுகாம இருக்கியான்னு."

அவள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "போன தடவ எல்லார்கிட்டயும் சொன்னேன், தங்காம போயிடுச்சி. இந்தத் தடவ உன் மாமாவுக்கே தெரியாது. மெஷின்கிட்ட மட்டும் சொல்லு."

'எஸ்' தட்டினேன். தன் ஆயுளில் முதல் தடவையாக மெஷின் கத்தியது. வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டாக்டரம்மா ஓடிவந்து பார்த்தார். அந்தக் கேப்சூல் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் ஆகாதாம். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அக்காவின் தலையில் கை வைத்தார். "நானே கேட்டிருக்கணும்," என்றார். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் உண்மையில் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

நானும் அன்றோடு திருந்தியிருப்பேன் என்று இந்நேரம் நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். என்னைக் கேட்டீர்களா? கேட்காமல் எனக்காக நீங்களே சொல்லிக்கொண்ட பதில்தானே அது? எதற்கும் வீட்டில் இருப்பவர்களிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்து வையுங்கள். விசாரிக்கும்போது அவர்களைப் பேச விடுங்கள்.

டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். அதைத் தட்டினேன். மெஷின் மாசக் கணக்கு கேட்டது.

"எத்தன மாசம் ரஞ்சிதம்?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு, டாக்டரம்மா," என்றேன் நான். சொல்லும்போதே விரலும் தட்டிவிட்டது.

மெஷின் ஒரு வரி கீழே இறங்கிக் கேட்டது. இதைச் சொன்னது யார்?

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சொல்லேன்டா," என்றாள். "இது உன்னத்தான் கேக்குது."